ஈரக்குமிழும் ஒரு கூடைக் கொழுந்தும்

விடிந்த பிறகு பால் வெட்டப் போகிறவனை அப்பா ஒரு வெட்டுக்காரனாகவே கணக்கெடுக்க மாட்டார். "வெயிலு ஏறிட்டா மரம் மூடிக்கும்" என்பார். தெஹியோவிட்டைப் பக்கத்து மலைகளில் கீழே றப்பர், மேலே தேயிலை. அப்பா கீழ்மலையில் பால் வெட்டினார், அம்மா மேல்மலையில் கொழுந்து எடுத்தார். இருட்டோடு இருட்டாக அப்பா வெட்டுக் கத்தியைத் தீட்டும் சத்தத்தில்தான் எங்கள் லயத்துக் காம்பராவில் பொழுது விடியும்.

மரம் ஏன் மூடிக்கொள்கிறது என்பதற்கு விளக்கம் எனக்குப் பல்கலைக்கழகப் புத்தகத்தில்தான் கிடைத்தது. இரவில் இலை தண்ணீரை ஆவியாக விடுவதில்லை. வேர் உறிஞ்சியது முழுக்க உள்ளேயே நிற்கும். விடியற்காலையில் பட்டைக்குள் பால் ஓடும் குழாய்களின் அமுக்கம் பத்து வளிமண்டல அளவைத் தொடும், அந்த நேரம் பட்டையைச் சீவினால் பால் தானாகப் பீறிக்கொண்டு வரும். வெயில் ஏறியதும் இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போகத் தொடங்க, உள்ளே அமுக்கம் இறங்கிவிடும். அப்பா சொன்னது அத்தனையும் சரி. அவருக்குத் தெரிந்திருந்த பௌதிகவியலைப் பாடசாலையில் எவரும் அவரிடம் கேட்கவில்லை. ஆசிரியராகிக் கேகாலை மாவட்டத்திலும் இரத்தினபுரி மாவட்டத்திலும் தோட்டத்துப் பாடசாலைகளில் வெப்பமும் சக்தியும் கற்பித்த காலம் முழுவதும் இந்த நினைவு என்னை விட்டுப் போகவில்லை.

வெப்பம் என்ற பாடத்தை நான் எப்போதும் றப்பரில்தான் தொடங்குவேன். எங்கள் பாடசாலைகளில் ஆய்வுகூடம் என்று ஓர் அறை இருக்கும், சில இடங்களில் அதுவும் இராது. றப்பர் பட்டி எங்கேயும் கிடைக்கும். தடித்த பட்டி ஒன்றை இரண்டு கையாலும் சட்டென்று இழுத்து, இழுத்த வாக்கிலேயே மேலுதட்டில் வைத்தால் இளஞ்சூடு தெரியும். தளரவிடாமல் சற்றுநேரம் பிடித்திருந்து, சூடு ஆறியதும் பட்டென்று தளரவிட்டு மறுபடி உதட்டில் வைத்தால் சில்லென்று இருக்கும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் பட்டியை உதட்டில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் அந்த நேரம் எனக்கு மிகவும் பிடிக்கும். விரல் நுனி அவ்வளவு நுட்பமாகச் சூட்டைச் சொல்லாது, உதடு சொல்லிவிடும்.

இதை உதட்டால் முதலில் கண்டு எழுதி வைத்தவர் கண் தெரியாத ஒருவர். இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் இருந்த ஜோன் கஃப், குழந்தையிலேயே பெரியம்மையில் பார்வையை இழந்தவர். செடிகொடிகளைத் தொட்டும் நாவில் வைத்தும் இனம் கண்டவர். தென்னமெரிக்கக் காட்டு மரங்களிலிருந்து கப்பலில் வந்த றப்பர் துண்டை இழுத்து உதட்டில் வைத்துப் பார்த்து அவர் எழுதிய கட்டுரை 1805இல் அச்சானது. அவரிடம் கணிதமும் மொழிகளும் வானிலை குறித்து வைக்கும் பழக்கமும் கற்ற நெசவாளி வீட்டுப் பையன்தான் பின்னாளில் அணுக்கொள்கை தந்த ஜோன் டால்டன். டால்டன் வயதான காலத்தில் மன்செஸ்டரில் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்த மாணவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிரெஸ்கொட் யூல். சக்தியின் அலகுக்கே பெயர் தந்தவர். அந்த யூல்தான் 1859இல், தன் ஆசிரியரின் ஆசிரியர் உதட்டால் கண்டதை நுட்பமான கருவிகளால் அளந்து, சரியென்று நிறுவினார். கண் தெரியாத ஓர் ஆசிரியரிடமிருந்து மூன்று தலைமுறை இப்படி வந்ததைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். பிள்ளைகள் அதைக் கவனித்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

யூல் அதை அளந்தபோது இலங்கையில் ஒரு றப்பர் மரமும் இல்லை. ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் கன்றுகளாகக் கம்பகாவுக்குப் பக்கத்து ஹெனரத்கொட பூங்காவுக்கு வந்தன. அங்கிருந்து பரவியவைதான் களனிப் பள்ளத்தாக்கு முழுவதும் நிற்கின்றன. எங்கள் பிள்ளைகளின் பாட்டன் பூட்டன் தொட்டு வெட்டிய மரம் அது. அந்த மரத்தின் பால்தான் கையில் பட்டியாக இருக்கிறது என்று சொன்னால், சூத்திரத்தைப் பார்த்து மிரளும் பிள்ளைகூட நிமிர்ந்து உட்காரும்.

இன்னொன்றும் செய்வோம். பட்டியை ஆணியில் தொங்கவிட்டு, கீழே ஒரு கல்லைக் கட்டி, பட்டியின் மேல் சுடுதண்ணீர் ஊற்றுவோம். இரும்புக் கம்பி சூட்டில் நீளும் என்று படித்த பிள்ளைகள் கல் கீழே இறங்கும் என்று அடித்துச் சொல்வார்கள். கல் மேலே எழும்பும். ஏன் என்று அன்றைக்கே நான் சொல்வதில்லை. கேள்வி பிள்ளைகளோடு லயத்துக்குப் போக வேண்டும், அப்பாவிடமும் தாத்தாவிடமும் கேட்கப்பட வேண்டும். ஒரு பையன் மறுநாள் வந்து, "எங்க தாத்தா நம்ப மாட்டேங்குறாரு சேர், வீட்டுல செஞ்சு காட்டுனேன், அப்புறமும் நம்ப மாட்டேங்குறாரு" என்றான். நல்ல தாத்தா.

மேல்மலைக்குப் போனால் தேயிலைத் தொழிற்சாலை, எங்கள் பேச்சில் ஸ்டோர். அனுமதி வாங்கிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். கொழுந்து வாட்டும் மேல்மாடியில் ஏறினால் முதலில் மூக்கைப் பிடிப்பது பச்சை இலை வாசனை. பிறகு, தூணில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழ் சும்மா இருக்கும். மற்றதன் குமிழைச் சுற்றி ஒரு துணித்திரி, திரியின் வால் சின்னத் தண்ணீர்க் குப்பியில். ஈரம் ஆவியாகும்போது குமிழிலிருந்து மறைவெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், ஆகவே ஈரக்குமிழ் எப்போதும் குறைவாகக் காட்டும். காற்று வறண்டிருந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கூடும், மழைக்காலத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். உயர்தரத்தில் சாரீரப்பதன் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பாடம் அங்கே தூணில் தொங்குகிறது. அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் டீமேக்கர், இன்றைக்குச் சூடான காற்று விட வேண்டுமா, வெறும் காற்றே போதுமா என்று முடிவெடுப்பார். தென்மேற்குப் பருவக்காற்றில் சப்பிரகமுவ நனையும் மாதங்களில் கொழுந்து தானாக வாடவே வாடாது.

அங்கேயே கணக்குப் போடுவோம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மீதி மூன்றரை கிலோவும் தண்ணீர், அத்தனையும் ஆவியாகிப் போக வேண்டும். கிலோ ஒன்றுக்கு 2.26 மெகாயூல் வைத்தால் கிட்டத்தட்ட 8 மெகாயூல். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 16 மெகாயூல் தரும். அப்படியென்றால் அரைக் கிலோ விறகு போதும். ஸ்டோர்க்காரரிடம் கேட்டால் சிரிப்பார், அவர் அதைவிட எவ்வளவோ கூடுதலாக எரிக்கிறார். மீதி எங்கே போனது? பிள்ளைகளை ஸ்டோரைச் சுற்றித் தேடச் சொல்வேன். அடுப்புச் சுவரைத் தொட முடியாமல் கையை இழுத்துக்கொள்வார்கள். டிரையரிலிருந்து ஐம்பது பாகைக்கு மேல் சூட்டோடு வெளியே வரும் காற்றில் முகத்தைக் காட்டுவார்கள். புகைபோக்கியை அண்ணாந்து பார்ப்பார்கள். ஈரம் காயாத விறகுக் கட்டையின் நுனியில் தண்ணீர் கொதித்துக் குமிழிவிடுவதை ஒரு பிள்ளை காட்டியது, விறகு தன் சூட்டில் ஒரு பங்கைத் தன்னைக் காயவைக்கவே செலவழிக்கிறது. அந்த விறகு பெரும்பாலும் பால் வற்றிப்போய் வெட்டி வீழ்த்திய கீழ்மலை றப்பர் மரம். அப்பா முப்பது வருடம் சீவிய மரங்களில் எத்தனை அம்மா எடுத்த கொழுந்தைக் காயவைத்திருக்கும்!

அம்மா என்றதும் ஒரு பெண்பிள்ளையின் ஞாபகம் வந்துவிடுகிறது. தரம் பத்து. வேலை, சக்தி, வலு என்ற அலகு. விசையின் திசையில் இடப்பெயர்ச்சி இல்லாவிட்டால் செய்த வேலை பூச்சியம், சுமையோடு சமதரையில் நடந்தால் சுமையின் மீது செய்த வேலை பூச்சியம் என்று கரும்பலகையில் எழுதினேன். அந்தப் பிள்ளை கையைத் தூக்காமலே எழுந்து நின்றது.

"சேர், எங்கம்மா கொழுந்துச் சாக்க முதுகுல போட்டுக்கிட்டு மடுவத்துக்கு ரோட்டு வழியா நடந்து வருது. அது பூச்சியமா?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அதில் இருந்த எல்லாப் பிள்ளைகளின் அம்மாவும் அதே ரோட்டில்தான் நடந்தார்கள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லிக் கடந்துபோயிருந்தால், அந்தப் பிள்ளைகள் அன்றைக்கே பௌதிகவியலைத் தங்களுடையதல்லாத ஒன்றாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அப்படி இழக்க எனக்கு மனமில்லை. பாடத்திட்டத்தை மூடி வைத்துவிட்டு அதைப் பற்றியே பேசினோம்.

முதலில் ஏற்றத்தைக் கணக்கிட்டோம். அம்மா 50 கிலோ, கொழுந்து 20 கிலோ, கொழுந்து நிறுக்கும் மடுவம் நூறு மீற்றர் மேலே. புவியீர்ப்பு ஆர்முடுகலைப் பத்து என்று வைத்தால் 70 கிலோயூல். தசை தான் எடுக்கும் சக்தியில் ஏறக்குறைய காற்பங்கைத்தான் வேலையாகத் தரும், மீதி சூடு. ஆகவே உடம்பு செலவழிப்பது 280 கிலோயூல். நூறு கிராம் கோதுமை மா சுமார் 1,500 கிலோயூல் தரும், அப்படியென்றால் இருபது கிராம் மா போதும். ரொட்டியில் ஒரு துண்டு. கணக்கை முடித்ததும் அந்தப் பிள்ளை இன்னும் கோபப்பட்டது. "ஒரு துண்டு ரொட்டிதான் செலவுன்னா, ராத்திரி கால் வலிக்குதுன்னு ஏன் சேர் அழுவுது?"

அதற்குப் பதில் தசைக்குள் இருக்கிறது. மேசை ஒரு மூட்டையை வருடக்கணக்கில் செலவில்லாமல் தாங்கும். தசை அப்படித் தாங்காது. சுமையைச் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் அதன் நார்கள் ஒன்றையொன்று பிடிப்பதும் விடுவதும் மறுபடி பிடிப்பதுமாக இருக்கும். ஒவ்வொரு பிடிக்கும் சாப்பாட்டிலிருந்து வந்த இரசாயனச் சக்தி செலவாகும், சுமை ஓர் அங்குலம்கூட உயராதபோது அத்தனையும் சூடாக மாறும். இறக்கத்தில் வழுக்காமல் காலை ஊன்றுவதற்கும் செலவு உண்டு. நாள் முழுக்கச் சரிவில் நின்று குனிவது, கையை நீட்டி நீட்டி எடுப்பது, முதுகை ஒரு பக்கம் சாய்க்காமல் வைத்திருப்பது எல்லாமே செலவுதான். சுமையின் கணக்கில் அது பூச்சியம், அம்மாவின் உடம்புக் கணக்கில் பெரிய தொகை. இரண்டும் உண்மை, எந்தத் தொகுதியைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். வெப்ப இயக்கவியலின் முதலாம் விதிக்கு இதைவிட நல்ல வாசலை நான் கண்டதில்லை. உயர்தரத்தில் உள்ளே போன வெப்பம், அகச்சக்தி, செய்த வேலை என்று சமன்பாடு எழுதும்போது தடுக்கி விழும் பிள்ளைகள் பெரும்பாலும் தொகுதிக்குக் கோடு போடாதவர்கள்.

இந்த விதிக்கு வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் உடம்பின் வழியாகத்தான் வந்தார். ரொபர்ட் மாயர், ஜெர்மன்காரர், கப்பல் மருத்துவர். 1840இல் ஜாவாவில் மாலுமிகளுக்கு இரத்தம் எடுத்தபோது, நாளத்து இரத்தம் கருஞ்சிவப்பாக இல்லாமல் நல்ல சிவப்பாக வந்ததைக் கண்டார். வெப்பமான நாட்டில் உடம்பு தன் சூட்டைக் காக்கக் குறைவாகவே உணவை எரிக்கிறது, அதனால் ஒட்சிசன் மிஞ்சுகிறது என்று யோசித்து, அங்கிருந்து சக்தி அழியாது என்ற எண்ணத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவரும் எங்களைப் போல வெயில் நாட்டு உடம்புகளைப் பார்த்தவர். ஊருக்குத் திரும்பி எழுதியதை அறிஞர்கள் வெகுகாலம் பொருட்படுத்தவில்லை.

சக்தியை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்று சாதாரண தரப் பிள்ளைகள் எல்லோரும் ஒப்புவிப்பார்கள். அதோடு விட்டால் அது வெறும் மந்திரம். 2022 மார்ச் முடிவில் நாடு ஒரே நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் கிடந்தபோது ஒரு பையன் கேட்டான்: "அழியாதுன்னா அப்ப கரண்டு எங்க சேர் போச்சு?" அன்றைக்கு எண்ணெய் வாங்க நாட்டிடம் காசு இருக்கவில்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் வற்றிக் கிடந்தது. பலாங்கொடைக்குப் பக்கத்துச் சமனலவெவவைத்தான் எடுத்துக்காட்டினேன். 120 மெகாவாற் நிலையம். 1992இல் நீர்த்தேக்கம் நிரம்பும்போது வலது கரை மலையைத் துளைத்துக்கொண்டு தண்ணீர் கசிந்தது, அந்தக் கசிவு பிறகும் அடைபடவில்லை. கசிந்த தண்ணீர் கீழே வயலுக்குப் பாய்கிறது, பயனில்லாமல் போகவில்லை. ஆனால் சுழலியைச் சுற்றாமல் போனதால் மின்சாரம் மட்டும் வராது. அதன் அழுத்தச் சக்தி பாறை இடுக்குகளில் உரசி, கைக்குத் தெரியாத அளவு சூடாகப் பரவிவிட்டது.

எவ்வளவு சூடு? பெல்மதுளைப் பக்கத்துக் கிரிந்தி எல்ல அருவி 116 மீற்றர் உயரம். விழும் தண்ணீரின் அழுத்தச் சக்தி அத்தனையும் வெப்பமானால் கீழே தண்ணீர் கால் பாகையை ஒட்டித்தான் சூடேறும். யூல் தேனிலவுக்குப் போன இடத்திலும் வெப்பமானியோடு அருவி தேடி அலைந்ததாகப் பௌதிகவியலாளர் கெல்வின் எழுதியிருக்கிறார். எங்களிடம் இருந்தது ஒரு பாகைக் கோடு போட்ட வெப்பமானி. பிள்ளைகள் எல்லவின் உச்சியிலும் அடியிலும் அளக்க ஆசைப்பட்டார்கள். அளந்தாலும் தெரியாது, சாரலில் ஆவியாகும் தண்ணீர் அதைவிடக் கூடுதலாகக் குளிர்வித்துவிடும் என்று அவர்களே கண்டுபிடித்துச் சொன்னதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

இங்கேதான் றப்பர் பட்டி மறுபடி வேண்டும். தண்ணீருக்குள் பரவிய அந்தக் கால் பாகை ஏன் திரும்ப ஒன்றுசேர்ந்து தண்ணீரை மேலே தூக்குவதில்லை? பட்டிக்குள் நீண்ட நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் சுருண்டு கிடக்கின்றன. இழுத்தால் அவை நேராகி ஒழுங்குக்கு வருகின்றன. சுருண்டு கிடக்க எண்ணற்ற வழிகள், நேராக நிற்கச் சில வழிகளே. இழுக்கும்போது நாம் செய்யும் வேலை சங்கிலிகளில் தங்காமல் சூடாக வெளியே வருகிறது, அதைத்தான் உதடு சொன்னது. சூடேற்றினால் சங்கிலிகளின் அதிர்வு கூடி, சுருளவே பார்க்கும். கல் மேலே எழும்பியது அதனால். ஒழுங்கு குலைவதற்குத்தான் வழிகள் அதிகம், ஆகவே சக்தி பரவிப் போவது இயல்பு, பரவியது தானாகக் கூடி வராது. இரண்டாம் விதியைப் பாடத்திட்டம் கேட்கிறதோ இல்லையோ, நான் சொல்லாமல் விட்டதில்லை.

அந்தப் பெண்பிள்ளைக்குச் சாதாரண தரத்தில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் நல்ல பெறுபேறு. தமிழ்மொழியில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலை எட்டக்கூடிய தூரத்தில் இல்லை. வெளியூரில் தங்கிப் படிக்கவைக்க வீட்டில் வசதி இல்லை. கலைப்பிரிவுக்குப் போனது. சப்பிரகமுவவின் தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு இதுதான் நடந்தது, இன்னும் நடக்கிறது. பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல்ஓயாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதே மாவட்டத்தில் கொழுந்து எடுக்கும் வீட்டுப் பிள்ளை, பௌதிகவியல் படிக்கப் பக்கத்தில் ஒரு வகுப்பறை இல்லாமல் நிற்கிறது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அந்தப் பெண்பிள்ளை கேட்ட கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. அம்மாவின் உடம்பில் சூடாக மாறிய அந்த முக்கால் பங்கு வெளியேறியாக வேண்டும். வெயில் காலத்தில் அதற்கு இருக்கும் பெரிய வழி வியர்வைதான், ஒரு லீற்றர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 2.4 மெகாயூலைக் கொண்டுபோகும். ஆனால் இரத்தினபுரிக் காற்று ஈரம் நிறைந்த காற்று. வியர்வை ஆவியாகாமல் வழிந்து சொட்டினால் அது ஒரு யூலையும் கொண்டுபோகாது. ஸ்டோர் மாடியில் தொங்கும் ஈரக்குமிழ் காட்டுவது இதையேதான். ஈரக்குமிழ் 35 பாகை செல்சியசைத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடமான உடம்பாலும் தன் சூட்டை வெளியேற்ற முடியாது. சுமை தூக்கும் உடம்புக்கு அதற்கு வெகு முன்பே ஆபத்து. மார்ச், ஏப்ரலில் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடும்போது சப்பிரகமுவ மாகாணத்தின் பெயரும் அதில் வரும். கொழுந்து வாடும் மாடியில் ஈரக்குமிழைப் பார்த்துப் பார்த்துக் குறிக்கிறார்கள். கொழுந்து எடுக்கும் மலையில் ஒன்றுகூடத் தொங்குவதில்லை.

ஆகவே கடைசியாகக் கற்பித்த வருடங்களில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒன்று செய்தோம். இரண்டு மலிவான வெப்பமானி, விளக்குத்திரி, தயிர்ச்சட்டி மூடியில் தண்ணீர். மடுவத்தின் நிழலில் கட்டித் தொங்கவிட்டோம். மார்ச் மாத நடுப்பகல் ஒன்றில் உலர்குமிழ் 34, ஈரக்குமிழ் 27 காட்டியது. கங்காணி வந்து, "இத வச்சு என்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். ஒரு பையன் திரியையும் குப்பியையும் காட்டி விளக்கினான், அவர் கடைசிவரை நின்று கேட்டார். பிள்ளைகள் கொப்பியில் அட்டவணை போட்டார்கள்: நேரம், உலர்குமிழ், ஈரக்குமிழ், வித்தியாசம். ஒரு பிள்ளை தன் பாட்டுக்கு ஐந்தாவது நிரல் ஒன்றைச் சேர்த்து, அந்த மணித்தியாலத்தில் தண்ணீர் குடிக்க வந்தவர்கள் எத்தனை பேர் என்று குறித்து வந்தது. பதினொரு மணிக்குப் பிறகு ஈரக்குமிழ் ஏற ஏற, அந்த நிரலில் எண் ஏறவில்லை. மேல்மலையிலிருந்து தண்ணீர்ப் பீப்பாய்க்கு இறங்கி வந்து திரும்ப ஏறினால் கொழுந்து நிறை குறைந்துவிடும் என்று, அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்து காரணத்தையும் அதன் கீழே எழுதியிருந்தது. தண்ணீர்ப் பீப்பாயை மலைக்கு மேலே வைக்க வேண்டும் என்று அந்த அட்டவணையை இணைத்துப் பிள்ளைகள் ஒரு கடிதம் எழுதினார்கள். யூலையும் பாகையையும் சரியான அலகோடு எழுதச் சொல்லித் திருத்தியதைத் தவிர, அதில் நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.